கடலில் நிற்பவன் ஓட்டு கரை சேருமா?

தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிறது தருவைகுளம். மீனவர் ஊர். இந்த ஊர் விசைப்படகுகளில் பல, காலையில் போய் மாலையில் திரும்புகிற படகுகள் அல்ல. ஐஸ், டீசல், அரிசி, தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் பல நாள் கடலிலேயே தங்கி, செவுள் வலை விட்டு, ஓரளவு மீன் சேர்ந்த பிறகுதான் கரைக்கு வரும். தங்குகடல் தொழில் என்று பெயர்.

படகு நடுக்கடலில் நிற்கும்போது கரையில் தேர்தல் வந்தால்?

காலை 7 மணிக்கு ஓட்டுச்சாவடியில் கியூ நிற்கும். படகில் இருப்பவன் வலை இழுத்துக்கொண்டிருப்பான். வாக்காளர் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. வீட்டு அலமாரியில் அடையாள அட்டை பத்திரமாக இருக்கிறது. ஓட்டு மட்டும் இல்லை. மாலையில் எந்திரத்துக்கு சீல் வைத்துவிட்டால் அவன் 'ஓட்டுப் போடாதவர்' கணக்கில் சேர்ந்து விடுவான். மறுநாள் பேப்பரில் நாமும் எழுதுவோம்: 'இத்தனை சதவீதம் பேர் ஓட்டுப் போடவில்லை. மக்களுக்கு அக்கறை குறைந்துவிட்டது!'

அக்கறை இல்லாதவனும், வர முடியாதவனும் ஒரே கணக்கா?

மீன் போட்ட பிச்சை

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ந்தேதி முதல் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கத் தடைக்காலம். முன்பு 45 நாள், மே 29 வரை. 2017 முதல் 61 நாள், ஜூன் 14 வரை.

இனி தேர்தல் தேதிகள். 2004 பாராளுமன்ற தேர்தல் மே 10. 2006 சட்டசபை தேர்தல் மே 8. 2009-ல் மே 13. 2014-ல் ஏப்ரல் 24. 2016-ல் மே 16. 2019-ல் ஏப்ரல் 18. 2024-ல் ஏப்ரல் 19. ஏழுமே தடைக்காலத்துக்குள் விழுந்த தேதிகள். படகு கரையில் கட்டிக் கிடந்தது. மீனவனும் கரையில் இருந்தான். ஓட்டுப் போட்டான்.

தப்பியவை இரண்டே இரண்டு. 2011 சட்டசபை தேர்தல் ஏப்ரல் 13. தடைக்காலம் தொடங்க இரண்டு நாள் பாக்கி. 2021 சட்டசபை தேர்தல் ஏப்ரல் 6. அந்த ஆண்டு ஏப்ரல் 4 ஈஸ்டர் ஞாயிறு. பண்டிகைக்குக் கரைக்கு வந்தவன் இரண்டு நாள் சேர்த்துத் தங்கியிருந்தால் ஓட்டு உண்டு. தங்கியிருக்காவிட்டால் இல்லை.

ஆக, 20 ஆண்டில் 9 பொதுத்தேர்தல். அதில் 7 தேர்தலில் தங்குகடல் மீனவனை ஓட்டுச்சாவடிக்கு அனுப்பி வைத்தது தேர்தல் கமிஷன் இல்லை. கடலில் முட்டையிடுகிற மீன்! மீன் போட்ட பிச்சைதான் இவர்கள் ஓட்டு. வேறு எந்தத் தொழிலாளிக்காவது இந்த கதி உண்டா?

பஞ்சாயத்து தேர்தலுக்கு அந்தப் பிச்சையும் கிடையாது. 2019-ல் ஊரக உள்ளாட்சி தேர்தல் டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்தது. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று கலர் கலராய் சீட்டு கொடுத்தார்கள். டிசம்பரில் தடைக்காலம் ஏது? தெருவிளக்கு, குடிதண்ணீர், மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கு ரோடு... மீனவனுக்கு நேரடியாகப் படுகிற தேர்தல் அதுதான். அதற்குத்தான் அவன் கரையில் இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு விட வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135-பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. கடைச் சிப்பந்திக்கு உண்டு, மில் தொழிலாளிக்கு உண்டு. மீனவனுக்கு? அவனுக்கு சம்பளமே கிடையாது. பங்குதான். பிடித்த மீனை விற்று, டீசல், ஐஸ் செலவு கழித்து, மிச்சத்தில் பங்கு. ஓட்டுக்காகப் பாதியில் திரும்பினால் அந்தச் செலவு மொத்தமும் அவர்கள் தலையில் விழும். "டீசலுக்கு யாரு துட்டு தருவா அண்ணாச்சி?" என்று கேட்டால் யாரிடம் பதில் இருக்கிறது?

யாருக்கு தபால் ஓட்டு?

சரி, தபாலில் போடலாமே என்பீர்கள். அங்கேதான் சங்கதி.

நம் நாட்டில் தபால் ஓட்டு கேட்டவருக்கெல்லாம் கிடையாது. 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. ராணுவத்தில் இருப்பவர், வெளிமாநிலத்தில் பணிபுரியும் ஆயுதப்படை போலீசார், வெளிநாட்டுத் தூதரகத்தில் வேலை பார்ப்பவர், தேர்தல் வேலைக்குப் போகும் ஊழியர், தடுப்புக்காவலில் இருப்பவர். ஆமாம், தடுப்புக்காவல் கைதிக்கு தபால் ஓட்டு உண்டு! தண்டனைக் கைதிக்கும் விசாரணைக் கைதிக்கும் கிடையாது. குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவருக்கு உண்டு. போலீஸ் நிலையம், கோர்ட்டு என்று அலைகிற நமக்கே முதலில் இதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது.

2019-ல் பட்டியலை நீட்டினார்கள். 80 வயது தாண்டியவர்கள், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகள், அத்தியாவசியப் பணி என்று அறிவிக்கப்பட்ட வேலையில் இருப்பவர்கள் சேர்ந்தார்கள். 2020 ஜூனில் கொரோனா நோயாளிகளைச் சேர்த்தார்கள். 2024 மார்ச்சில் வயதை 85 ஆக்கினார்கள்.

இந்தப் பட்டியலை மேலிருந்து கீழே எத்தனை தடவை படித்தாலும், 'கடலுக்குப் போகும் மீனவர்' என்று ஒரு வரி கிடையாது. சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் மாலுமிக்கும் கிடையாது. தூத்துக்குடி துறைமுக நகரம். கப்பல் வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ வீட்டில் உண்டு. கடற்படை சிப்பாய்க்கு தபால் ஓட்டு. அதே கடலில் சரக்குக் கப்பலில் போகிறவனுக்கு ஒன்றும் இல்லை.

வயதானவர்களுக்குக் கொடுத்த முறை உண்மையில் தபாலே இல்லை. தேர்தல் அறிவிக்கை வெளியாகி 5 நாளைக்குள் 12-டி படிவம் கொடுக்க வேண்டும். பிறகு அதிகாரிகள் குழு வீட்டுக்கே வரும். கூடவே போலீஸ்காரர், வீடியோ எடுப்பவர். கட்சி ஏஜெண்டுகளுக்கும் முன்கூட்டியே தகவல் போகும். பெரியவர் மறைவாக உட்கார்ந்து சீட்டில் குறி போட்டு, கவரில் வைத்து ஒட்டித் தருவார். முதல் தடவை ஆள் இல்லாவிட்டால் இன்னொரு தடவை வருவார்கள். போஸ்ட்மேன் இதில் எங்கேயும் வருவதில்லை. பெயர்தான் தபால் ஓட்டு.

ராணுவத்தாருக்கு இப்போது பாதி மின்னணு. சீட்டு இணையம் வழியே போகும். அங்கே அச்செடுத்து, குறி போட்டு, தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். இதை 2016-ல் முதன்முதலில் சோதித்துப் பார்த்தது நம் பக்கத்தில்தான், புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில். ராணுவத்தாருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. 2003 முதல் அவர்கள் தமக்குப் பதிலாக ஊரில் ஓர் ஆளை நியமித்து ஓட்டுப் போடச் சொல்லலாம். பதிலி ஓட்டு.

பதிலி ஓட்டு மீனவனுக்கு ஒத்து வருமா? வராது என்றே சொல்வோம். புருஷன் கடலில் இருக்கும்போது அவன் ஓட்டைப் பெண்சாதி போட்டால் குடும்பத்துக்குள்ளேயே தகராறு வரலாம். படகு முதலாளிக்கு எழுதிக் கொடுத்தால் அப்புறம் அது முதலாளி ஓட்டுதான். ஒரு சம்மாட்டி கையில் பத்து ஓட்டு என்றால் கட்சிக்காரர் நேரே அவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

ராதாபுரம் கற்றுக்கொடுத்த பாடம்

தபால் ஓட்டு என்றால் என்ன ஆபத்து என்று தெரிந்துகொள்ள டெல்லிக்குப் போக வேண்டாம். பக்கத்து மாவட்டத்துக்குப் போனால் போதும்.

2016 சட்டசபை தேர்தல். ராதாபுரம் தொகுதி. அ.தி.மு.க. வேட்பாளர் இன்பதுரை. தி.மு.க. வேட்பாளர் அப்பாவு. எண்ணிக்கை முடிந்தபோது இன்பதுரை 49 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். 49!

தள்ளுபடி செய்யப்பட்ட தபால் ஓட்டு எத்தனை தெரியுமா? 203.

ஏன் தள்ளினார்கள்? செல்லாத ஓட்டுப் போட்டார்கள் என்பதற்காக அல்ல. தபால் ஓட்டோடு ஓர் உறுதிமொழிப் படிவம் வைக்க வேண்டும். 13-ஏ என்பார்கள். அதில் கெஜட்டெட் அதிகாரி சான்றொப்பம் போட வேண்டும். இந்த 203 ஓட்டில் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 'இவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை' என்று அதிகாரி ஒதுக்கிவிட்டார். யாருக்குப் போட்ட ஓட்டு என்று கவரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாவு ஐகோர்ட்டுக்குப் போனார். மூன்று ஆண்டு கழித்து 2019 அக்டோபர் 1-ந்தேதி தீர்ப்பு வந்தது. அந்தத் தபால் ஓட்டுகளையும், கடைசி மூன்று சுற்று எந்திர ஓட்டுகளையும் திரும்ப எண்ண வேண்டும் என்று ஐகோர்ட்டு சொன்னது. 4-ந்தேதி ஐகோர்ட்டு வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிடக்கூடாது என்று அன்றைக்கே சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. 2021-ல் அந்த சட்டசபையின் ஆயுளே முடிந்துபோனது. புதுத் தேர்தலில் அப்பாவு ஜெயித்து சபாநாயகரும் ஆகிவிட்டார். பழைய 203 ஓட்டும் அந்த 5 ஆண்டில் ஒருவருக்கும் பிரயோஜனப்படவில்லை.

எந்திரத்தில் பட்டனை அழுத்தினால் பக்கத்தில் கண்ணாடிக்குள் 7 வினாடி சீட்டு தெரியும். விழுந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். தபால் ஓட்டுப் போட்டவனுக்கு அது எண்ணப்பட்டதா, குப்பைக்குப் போனதா என்று தெரியவே தெரியாது. கையெழுத்து விட்டுப்போனால் போச்சு. படிவத்தில் உள்ள சீட்டு எண்ணும் கவரில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் போச்சு. எண்ணிக்கை நாள் காலை 8 மணிக்குப் பிறகு வந்தால் போச்சு. 2024-ல் மும்பை வடமேற்கு பாராளுமன்ற தொகுதியில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 48 ஓட்டு. செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டு 111.

எண்ணுகிற வரிசையும் தகராறுக்கு வந்தது. முதலில் தபால் ஓட்டு, அரை மணி நேரம் கழித்து எந்திரம் என்பது வழக்கம். ஆனால் எந்திரம் வேகமாக ஓடி முடிந்துவிடும். தபால் கவரைப் பிரிப்பது ஆமை வேகம். கடைசியில் யார் ஜெயித்தார் என்று தெரிந்த பிறகு தபால் ஓட்டைத் தள்ளுகிறார்கள் என்று தோற்றவர் கூச்சல் போடுவார். 2025 செப்டம்பரில்தான் தேர்தல் கமிஷன் ஓர் உத்தரவு போட்டது. தபால் ஓட்டு எண்ணும் மையத்தில் அது முடியாமல், அங்கே எந்திர ஓட்டின் கடைசிக்கு முந்தைய சுற்றை எண்ணக்கூடாது என்று. நல்ல உத்தரவு. பத்து ஆண்டு முன்னால் வந்திருக்கலாம்.

கவரும் கவரும்

இன்னொரு வியாதியும் இருக்கிறது. நம் ஊரில் ஓட்டுக்குத் துட்டு கொடுப்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையும், 2019-ல் வேலூர் பாராளுமன்ற தேர்தலையும் பணப் பட்டுவாடா காரணமாகவே நிறுத்தி வைத்தார்கள்.

ஆனால் ஓட்டுச்சாவடியில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஒருவரிடம் வாங்கிக்கொண்டு இன்னொருவருக்குப் போடலாம். அட்டை மறைப்புக்குள்ளே யாரும் எட்டிப் பார்க்க முடியாது. வாங்கிய துட்டுக்கு ரசீது கிடையாது. அது தெரிந்துதான் துட்டு கொடுப்பவன் இரண்டு மனதோடு கொடுக்கிறான்.

தபால் சீட்டு வீட்டுக்கு வந்தால்? எதிரே உட்கார்ந்து, 'போடு, நான் பார்க்கிறேன்' என்பான். செல்போனில் படம் எடுத்து அனுப்பு என்பான். ரசீது கிடைத்துவிடும்! 2021 மார்ச்சில் திருச்சியில் போலீஸ் நிலையங்களில் பணக் கவர்கள் சிக்கி பெரும் பரபரப்பு ஆனது. தபால் ஓட்டுக்காக போலீசாருக்கே கொடுக்கப்பட்டவை என்று புகார். சிலர் சஸ்பெண்டு ஆனார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசுக்குப் போனது. ஓட்டுச்சீட்டு வைக்கிற கவருக்கு முன்னால் வேறு கவர் வந்துவிட்டது.

தேர்தல் வேலைக்குப் போகிற ஊழியர்கள் சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்டிருக்கக்கூடாது, அதற்கென்று அமைத்த மையத்திலேயே போட்டுவிட வேண்டும் என்று 2023-ல் விதியை மாற்றியதும் இந்த மாதிரி சமாசாரங்களைத் தடுக்கத்தான்.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2001 முதல் கேட்டவருக்கெல்லாம் தபால் ஓட்டு. 2004-ல் பர்மிங்காம் நகரசபை தேர்தலில் நடந்த கூத்தைப் பாருங்கள். நள்ளிரவில் ஒரு கிடங்குக்குள் மேஜை போட்டு, ஓட்டுச்சீட்டுகளைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை போலீசார் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு நீதிபதி இரண்டு வார்டு தேர்தலை ரத்து செய்தார். பிரான்சில் தபால் ஓட்டை 1975-லேயே தூக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தில் மாறாக, 2000-ம் ஆண்டு ஜனாதிபதி தேர்தல் முதல் எல்லோருக்குமே தபாலில்தான் சீட்டு. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து ஏற்கிறார்கள், ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த ஊருக்கு எது ஒத்துவரும் என்பது அந்தந்த ஊர் போலீஸ் ரிக்கார்டைப் பார்த்தால் தெரியும்.

ஆகவே மீனவனுக்கும் வீட்டுக்கு சீட்டு அனுப்பு என்று நாம் கேட்கவில்லை. அவன் வீட்டில் இல்லை என்பதுதானே பிரச்சினையே!

துறையிலேயே ஓட்டு

நாம் கேட்பது வேறு. படகு புறப்படுகிற துறையிலேயே, ஓட்டுப்பதிவுக்கு முன்பே, தொடர்ந்து சில நாட்கள் ஓர் ஓட்டு மையம் திறந்து வையுங்கள்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. அத்தியாவசியப் பணியாளர்களுக்கு தொகுதியில் தபால் ஓட்டு மையம் என்று ஒன்றைத் திறந்து, தொடர்ந்து மூன்று நாள் ஓட்டு வாங்குகிறார்கள். மறைப்பு உண்டு, அதிகாரி உண்டு, ஏஜெண்டுகள் வரலாம். அங்கேயே கையெழுத்து, அங்கேயே சான்றொப்பம், அங்கேயே சீல். ராதாபுரம் தகராறுக்கு இடம் இல்லை. எதிரே உட்கார்ந்து பார்க்கிறவனுக்கும் இடம் இல்லை. ஒருவர் இப்படிப் போட்டுவிட்டால் வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே குறித்துவிடுவார்கள்; மறுபடி ஓட்டுச்சாவடியில் போய் நிற்க முடியாது.

கடலுக்கு அப்பால் இலங்கையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். அங்கே அரசு ஊழியர்களுக்கு தபால் மூல வாக்களிப்பு என்று பெயர். ஆனால் அலுவலகத்திலேயே அதிகாரி முன்னிலையில், குறித்த நாட்களில் போட வேண்டும். 2024 செப்டம்பர் ஜனாதிபதி தேர்தலில் 7 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அந்த முறைக்குத் தகுதி பெற்றிருந்தார்கள். பின்லாந்தில் கப்பலிலேயே ஓட்டுப் போடலாம். பிலிப்பைன்ஸ் நாட்டில் 2003-ம் ஆண்டு சட்டத்தின்படி வெளிநாட்டுக் கடலில் இருக்கும் மாலுமிகளுக்கும் ஓட்டு உண்டு. கடலோடி என்றால் ஓட்டு கிடையாது என்பது உலக வழக்கம் அல்ல.

'நாள் போதுமா?' என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேட்புமனு வாபஸ் முடிந்தால்தான் வேட்பாளர் பட்டியல் இறுதியாகும். பிறகு சீட்டு அச்சடிக்க வேண்டும். சட்டப்படி வாபஸ் கடைசி நாளுக்கும் ஓட்டுப்பதிவுக்கும் நடுவே குறைந்தது இரண்டு வாரம் இருக்கும். 2021-ல் மார்ச் 22-ந்தேதி வாபஸ் முடிந்தது. 26, 27 தேதிகளில் சீட்டு தயார் என்று வைத்துக்கொண்டால், 28-ந்தேதி கிளம்புகிற படகுக்காரன் ஓட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம். 6-ந்தேதி அவன் எங்கே இருந்தால் என்ன?

மீனவரை எப்படி அடையாளம் காண்பது? தமிழ்நாட்டில் அரசாங்கம் இவ்வளவு விலாவாரியாகக் கணக்கு வைத்திருக்கும் தொழில் வேறு ஒன்று இருக்குமா என்பதே சந்தேகம். படகுக்குப் பதிவு எண் உண்டு. இந்த மாவட்டத்துப் படகு என்றால் 12 என்ற எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். மீனவருக்கு அடையாள அட்டை உண்டு. தடைக்கால நிவாரணம் கொடுக்கப் பட்டியல் உண்டு. மானிய டீசலுக்குத் தனிக் கணக்கு. மானியத்துக்குக் கைகொடுக்கும் கணக்கு ஓட்டுக்கு மட்டும் உதவாதா?

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எந்திர ஓட்டு சாவடி வாரியாக எண்ணப்படுகிறது. எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்று பட்டியலே வெளியாகிறது. ஒரே தொழில் செய்கிற சின்ன ஊரில், 'இந்த ஊர் நமக்குப் போடவில்லை' என்று ஜெயித்தவர் விரலை நீட்ட முடிகிறது. தபால் ஓட்டு தொகுதி முழுவதற்கும் மொத்தமாகக் கலந்து எண்ணப்படுவது. எந்தத் துறையில் விழுந்தது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

'மீனவனுக்குக் கொடுத்தால் லாரி டிரைவர் கேட்பான், திருப்பூரில் வேலை பார்க்கும் பீகார்காரன் கேட்பான்' என்பார்கள். கேட்கட்டுமே! வெளியூர்த் தொழிலாளிகளுக்காக, ஒரே எந்திரத்தில் 72 தொகுதிக்கு ஓட்டுப் போடலாம் என்று தேர்தல் கமிஷனே 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்டியது. பல கட்சிகள் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டன. எந்திரத்தையே சந்தேகப்பட்டு ஓட்டுச்சீட்டுக்குத் திரும்பக் கேட்ட வழக்கை சுப்ரீம் கோர்ட்டு 2024 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது தனிக் கதை. அந்தத் தகராறு எதுவும் நாம் கேட்பதில் வராது. காகிதச் சீட்டு, கவர், சீல். அவ்வளவுதான்.

இணையத்தில் போட்டால் என்ன என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். எஸ்தோனியா என்ற சின்ன நாட்டில் 2005 முதல் போடுகிறார்கள். நடுக்கடலில் செல்போன் சிக்னலே கிடையாது. அதை அப்புறம் பேசிக்கொள்வோம்.

யார் கையில் இருக்கிறது?

இதற்குப் பாராளுமன்றத்தில் புதுச் சட்டம் வேண்டாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 60-வது பிரிவிலேயே வழி இருக்கிறது. மத்திய அரசோடு கலந்து, எந்த வகையினருக்கு வேண்டுமானாலும் தபால் ஓட்டு என்று தேர்தல் கமிஷன் அறிவிக்கலாம். கொரோனா வந்தபோது சில மாதத்தில் விதியை மாற்றினார்களே! மனது இருந்தால் முடிகிறது.

இந்த ஊர்க்காரர்கள் அரசாங்கத்தால் படுகிற பாடு கொஞ்சமல்ல. 2023 அக்டோபரில் மாலத்தீவுக்காரர்கள் ஒரு படகையும் 12 பேரையும் பிடித்தார்கள். 2024 ஆகஸ்டில் இலங்கைக் கடற்படை 2 படகையும் 22 பேரையும் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் கலெக்டர் ஆபீசுக்கு மனு, எம்.பி.க்கு மனு, டெல்லிக்குக் கடிதம். படகு திரும்புமா, ஆள் திரும்புவானா என்பதெல்லாம் டெல்லியும் கொழும்பும் பேசித் தீர்க்கிற விஷயம். எல்லையைப் பற்றி, வலையைப் பற்றி, டீசலைப் பற்றி முடிவெடுக்கிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் எல்லையோரத்தில் நிற்பவனுக்கு மட்டும் வாயடைப்பு.

டெல்லி கேட்கிற வரை காத்திருக்கவும் வேண்டாம். பஞ்சாயத்து தேர்தல் விதிகள் மாநில அரசு போட்டவை. நடத்துவது மாநில தேர்தல் ஆணையம். 2019-ல் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அதிகாரிகள் கைக்குப் போனது. அந்தத் தேர்தல் காகிதச் சீட்டில் நடப்பது. ஓட்டர் எண்ணிக்கையும் சின்னது. தருவைகுளம் போன்ற ஊர்களில் படகுத்துறையில் ஒரு பந்தல், நாலு ஊழியர், ஒரு சீல் வைத்த பெட்டி, மூன்று நாள். மீன்வளத்துறை இணை இயக்குநர் பட்டியல் தருவார். மாவட்ட கலெக்டர் ஊழியரைத் தருவார். விதியில் ஒரு வரி சேர்த்து அரசாணை போட வேண்டியது சென்னைக் கோட்டை. மீனவர் சங்கங்கள் அடுத்த மனுவில் படகு, வலை, டீசலோடு இதையும் ஐந்தாவது கோரிக்கையாகவாவது எழுதிக் கொடுக்கட்டும்.